சொல்லிவிட்டு மாற்றுகிறவர்

முடி வெட்டிக்கொள்வதற்கு முதல் நாளே அக்கா அலுவலகத்தில் அறிவித்துவிடுவார்.

"நாளைக்கு எனக்கு முடி கட்டையா இருக்கும். பாத்துட்டு யாரும் ஐயோன்னு வாயப் பொளக்கக் கூடாது."

மறுநாள் வந்து நின்றால் இரண்டு விரற்கடைதான் குறைந்திருக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் அவருக்குச் சொல்லியாக வேண்டும். மீன் கறி கொண்டுவந்தால் மூடியைத் திறக்கும் முன்பே, "இன்னிக்கிப் புளி தூக்கல், இப்பவே சொல்லிட்டேன்" என்பார். ஒரு முறை காலையில் வந்து பையை வைத்ததும் என்னைப் பார்த்து, "மத்தியானம் நான் கோவமா இருப்பேன் தம்பி, பேங்க்குக்குப் போறேன்" என்றார். சொன்னபடியே மத்தியானம் கோபமாக இருந்தார். முன்னறிவிப்போடு வருகிற கோபத்தை யார் குறை சொல்ல முடியும்? நாங்கள் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தோம்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் பழம் சேர்க்கும் இடங்களுக்கும் எடை போடும் மென்பொருள் செய்து கொடுக்கிற சின்னக் கம்பெனி. நான் அங்கே போன் எடுக்கிறவன். மிஷின் ஓடவில்லை, பிரிண்டர் காகிதத்தைக் கடிக்கிறது என்று யார் கூப்பிட்டாலும் முதலில் என் காதில்தான் விழும். அக்கா எனக்குப் பக்கத்து மேசை. புரோகிராமர்கள் எழுதியதை வெளியே அனுப்புவது அவர் பொறுப்பு. அனுப்புமுன் அதற்கு ஓர் எண் போட வேண்டும். என்ன மாறியிருக்கிறது என்று ஒரு குறிப்பும் எழுத வேண்டும். குறிப்பை மலாயில் எழுதி, கீழே தமிழிலும் எழுதுவார். தமிழில் எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

எண் என்றால் ஒன்றல்ல, நடுவே புள்ளி வைத்த மூன்று எண்கள். கடைசி எண் மட்டும் ஏறியிருந்தால் ஏதோ சின்னப் பழுது பார்த்திருக்கிறோம் என்று பொருள், பயப்படாமல் போட்டுக்கொள்ளலாம். நடு எண் ஏறினால் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது. முதல் எண் ஏறினால், உங்கள் பழைய பழக்கம் ஒன்று உடையப்போகிறது, உட்கார்ந்து படித்துவிட்டுப் போடுங்கள் என்று எச்சரிக்கை. இது நாங்கள் கண்டுபிடித்த வழக்கமல்ல, இந்தத் தொழிலில் எங்கும் உள்ளதுதான். ஆலைகளில் இருந்த கணினிகள், கடைசி எண் மட்டும் ஏறியவற்றை யாரையும் கேட்காமல் தாமாகவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஆகவே அந்த எண்ணை நாங்கள் தப்பாகப் போட்டால், காலையில் வேலைக்கு வருகிற யாரோ ஒருவர் நேற்று இருந்தது இன்று இல்லாத இடத்தில் கை வைப்பார். அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அக்காவின் பயமெல்லாம் அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான்.

"என்னா மாத்துனோம்னு புரோகிராமருக்குத் தெரியும். யாருக்கு மாறிச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

அதைத் தெரிந்துகொள்ள அவரிடம் ஒரே வழிதான் இருந்தது. போன் அடிப்பார். பீடோங் பக்கத்து ஆலைக்கு, சுங்கை லாலாங்குக்கு, பாடாங் மேஹாவுக்கு என்று ஒவ்வொன்றாக அடித்து, "திங்கக்கெழமலேருந்து இது இப்படி மாறும். ஒங்களுக்குச் சுசா, செரமம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார். பாடாங் மேஹாவில் பழம் சேர்க்கும் இடத்தில் கணக்கெழுதும் கிராணி பெரும்பாலும் வெளியே இருப்பார். போனை எடுப்பவர் ராயப்பன் அண்ணன். எடைமேடையில் வேலை செய்கிறவர், கணினி பக்கமே போகாதவர். அவரிடமும் அக்கா முழுக் குறிப்பையும் ஒப்பிப்பார். "எனக்கு ஒன்னும் வெளங்கல தங்கச்சி, ஆனா நீ சொல்லிட்டே, அது போதும்" என்று அவர் சிரிப்பது என் மேசை வரைக்கும் கேட்கும். பிறகு மழை, முழங்கால் வலி, மகளின் பிரசவம் என்று பேச்சு நீளும். எனக்குப் பசி வந்துவிடும். சாப்பாட்டுக்கு ஒன்றாகப் போகிறவர்கள் நாங்கள்.

'சிறு திருத்தங்கள்' என்ற வார்த்தையைக் கண்டால் அவருக்கு ஆகாது. யாராவது அப்படி எழுதிக் கொடுத்தால் காகிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு, "யாருக்குச் சிறுசு?" என்று கேட்பார். இப்போது நான் பினாங்கில் வேறு வேலையில் இருக்கிறேன். கைப்பேசியில் ஏதாவது ஒரு செயலி 'சிறு திருத்தங்களும் மேம்பாடுகளும்' என்று சொல்லிக்கொண்டு புதுப்பித்துக்கொள்ளும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது. நேற்று வரை வலப்பக்கம் இருந்த பொத்தானை இன்று இடப்பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பேன்.

ஹனிபா எங்கள் புரோகிராமர்களில் கெட்டிக்காரன். அவன் குடும்பத்துக்குச் சந்தைப் பக்கம் சாப்பாட்டுக் கடை இருந்தது. மூளைக்குச் சமமாக வாயும் நீளம். ஒரு நாள் அவன், "எதுக்குக்கா இவ்ளோ போன்? அனுப்பிட்டா அவங்களே பாத்துக்குவாங்க லா" என்றான்.

"எங்க கோவில்ல கல்யாணத்துக்கு முன்னால ஓலை வாசிப்பாங்க தெரியுமா?" என்று கேட்டார் அக்கா. அவர் கத்தோலிக்கர். "மூணு ஞாயிறு வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்கன்னு. அது மாதிரிதான் இது. முடிஞ்சதுக்கப்புறம் சொன்னா அது செய்தி. முன்னாடி சொன்னாத்தான் ஓலை."

"ஒங்களுக்கும் வாசிச்சாங்களாக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்காவுக்குக் கல்யாணமாகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அக்கா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு ஞாயிறு வாசிச்சாங்க. அதுக்கப்புறம் ஈப்போவிலேருந்து ஒரு பொண்ணு போன் அடிச்சா. அந்தாளு பொண்டாட்டி. மூணாவது ஞாயிறு தேவப்படல."

ஹனிபா எழுந்து போய் அவருக்கு ஒரு கோப்பி வாங்கி வந்தான்.

அக்காவைத் தெய்வமாக்கி வைக்க எனக்கு ஆசையில்லை. அவரோடு வேலை செய்வது சில நாள் பெரும் பாடு. இரண்டு வெளியீடுகளுக்கு ஒரே எண்ணைப் போட்டு ஒரு முறை எல்லா ஆலைகளையும் குழப்பியிருக்கிறார். அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. மின்சாரம் போனால் எடைக் கணக்கு அழிந்துவிடுகிற பழுது ஒன்றை நாங்கள் சரிசெய்து வைத்திருந்தோம். சுங்கை லாலாங் கிராணி தீபாவளி லீவில் இருந்தார். "ஆள் வரட்டும், சொல்லிட்டு அனுப்பலாம்" என்று அக்கா பிடித்து வைத்தார். அந்த இடைவெளியில் அங்கே மின்சாரம் போய், காலையில் நிறுத்ததெல்லாம் அழிந்தது. பழத்தைக் கொட்டிவிட்டுப் போன லோரிகளை எப்படித் திரும்ப நிறுப்பது? போனில் நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது. முதலாளி அக்காவை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "தப்பு எம்மேலதான் பாஸ்" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஹனிபா தானியங்கியைக் கொண்டுவந்தான். புரோகிராமர் ஒவ்வொரு மாற்றத்தைச் சேமிக்கும்போதும் முன்னால் ஒரு சொல் போட வேண்டும், அது பழுதா, புதியதா, உடைக்கிறதா என்று. தானியங்கி அந்தச் சொற்களைப் படித்து எண்ணைத் தானே ஏற்றிவிடும். குறிப்பையும் தானே கோத்து, மலாயிலும் தமிழிலும் அனுப்பிவிடும். நன்றாகவே வேலை செய்தது, இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒரே எண் இரண்டு முறை வரவில்லை. எதுவும் விட்டுப்போகவில்லை. அவசரப் பழுதுகள் அன்றன்றே போய்ச் சேர்ந்தன. எனக்கும் நேரத்துக்குச் சாப்பாடு கிடைத்தது. அக்காவே முதல் ஆளாக, "நல்லாருக்கு தம்பி, என்னாலே இவ்ளோ சுத்தமா செய்ய முடியாது" என்று ஹனிபாவிடம் சொன்னார். அவரைப் புதிய ஆள்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். போன்கள் நின்றன.

"தங்கச்சி ஏன் இப்பல்லாம் போன் அடிக்கிறதில்ல?" என்று ராயப்பன் அண்ணன் ஒரு தரம் என்னிடம் கேட்டார். இப்போது எல்லாம் தானாகவே வந்துவிடும் என்று விளக்கினேன். "அப்படியா, அப்ப சரி" என்றார். குரலில் சுரத்தே இல்லை.

அந்த வருட கிறிஸ்மஸுக்கு அக்கா எங்களைப் பீடோங் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வரிசை வீடுகளில் கடைசி வீடு. அக்காவின் அம்மாவுக்கு இனிப்பு நீர் நோயால் இரண்டு கண்ணும் போயிருந்தது. ஆனால் வீட்டுக்குள் யார் துணையும் இல்லாமல் நடப்பார். அடுப்படிக்குப் போய் எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொண்டுவந்தார். அக்கா ஒரு நாற்காலியை இழுத்தால்கூட, "ம்மா, நாக்காலி சன்னல் பக்கம் வந்திருச்சு" என்று குரல் கொடுப்பார். எங்கள் அலுவலகத்துக்கு வந்த அறிவிப்பெல்லாம் எங்கே பிறந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சாப்பிட்டு எழுந்தபோது ஹனிபா, வழியில் இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒரு முக்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தான். நல்லெண்ணம்தான். அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் அம்மா நடப்பார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கேக் தட்டோடு வந்தவர் அதில் முழங்கால் இடித்துச் சாயப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சிக்குங்கய்யா," என்றார் அம்மா, எங்களிடம். "எனக்கு இப்பல்லாம் மறதி. வீடே மறந்து போவுது."

ஹனிபா வாயைத் திறக்குமுன் அக்கா சொல்லிவிட்டார். "ஒங்களுக்கு மறதி இல்லம்மா. தம்பி முக்காலிய நவுத்திட்டான், சொல்லல." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? சொல்லாம மாத்துனா, மாத்துனவன் மேல சந்தேகமே வராது. தம்மேலதான் வரும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஹனிபா அன்றைக்கு அதற்குப்பின் கேக் சாப்பிடவில்லை.

எடைமேடை விஷயம் அதற்குச் சில மாதங்கள் கழித்து வந்தது. லோரி மேடையில் ஏறி, எடை பதிவானதும் எங்கள் மென்பொருள் ஒரு முறை 'பீப்' என்று ஒலிக்க வேண்டும். ஆரம்பத்திலிருந்தே ஒரு தவறினால் இரண்டு முறை ஒலித்துக்கொண்டிருந்தது. முள் நிலைக்கு வந்தவுடன் ஒன்று, பதிவானபின் ஒன்று. யாருக்கும் தொந்தரவில்லாத பழுது என்று கிடப்பில் கிடந்ததை எங்கள் புரோகிராமர் ஒருவர் எடுத்துச் சரிசெய்தார். முன்னால் 'பழுது' என்ற சொல்லைப் போட்டார். அது பொய்யில்லை. தானியங்கி கடைசி எண்ணை ஒன்று ஏற்றி, 'இரட்டை ஒலி நீக்கப்பட்டது' என்று எழுதி அனுப்பியது. அதுவும் பொய்யில்லை. ஆலைக் கணினிகள் தாமாகவே போட்டுக்கொண்டன.

பாடாங் மேஹாவில் அந்த இரட்டை ஒலியை வைத்து ஒரு பழக்கம் வளர்ந்திருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. லோரியிலிருந்து உதிர்ந்த பழங்கள் சக்கரத்தடியில் நசுங்காமல் இருக்க ராயப்பன் அண்ணன் குனிந்து வாரியால் இழுத்தெடுப்பார். முதல் பீப் அவருக்கு, வெளியே வா என்று. இரண்டாவது பீப் டிரைவருக்கு, போ என்று. யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. வருடக்கணக்கில் அப்படியே பழகிவிட்டார்கள்.

ஒரு பீப் குறைந்துபோனதும் டிரைவர்கள் முதல் நாள் இரண்டாவதுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். கிராணி சன்னலிலிருந்து, "ஜாலான், ஜாலான்!" என்று போகச் சொல்லிக் கையை ஆட்டினார். அரை நாளில் அவர்களுக்குப் பழகிவிட்டது. குனிந்து கிடந்தவருக்கு அந்தக் கை தெரியவில்லை. சில நாள் கழித்து, ஒரு பீப் கேட்டு, பழைய பழக்கத்தில் அதை முதல் பீப் என்று எடுத்துக்கொண்டு ராயப்பன் அண்ணன் வாரியை இழுத்துக்கொண்டிருந்தபோது லோரி நகர்ந்தது. சக்கரம் வாரியை முறித்து, அவர் வலது பாதத்தின் ஓரத்தில் ஏறி இறங்கியது. உயிருக்கு ஒன்றுமில்லை. பாதத்தில் எலும்பு முறிந்திருந்தது.

செய்தி என் போனுக்குத்தான் வந்தது. முதலாளி எல்லோரையும் கூட்டினார். யார் தப்பு என்று தெரிய வேண்டும் அவருக்கு. ஹனிபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அக்காவைப் பார்த்தேன். இன்றைக்கு இவர் நாள், 'நான் அப்பவே சொன்னேன்' என்று தொடங்குவார் என்று நினைத்தேன்.

"மிஷின் மேல தப்பில்ல பாஸ்," என்றார். "எழுதிக் குடுத்தத அது படிச்சிச்சு. அந்தப் பீப்பு நெசமாவே பழுதுதான். நம்பரும் சட்டப்படி சரி. நான் ஒக்காந்திருந்தாலும் அதே நம்பரத்தான் போட்டிருப்பேன்."

"அப்ப என்னாதான் தப்பு?"

"யாரும் போன் அடிக்கல."

அவர் போன் அடித்திருந்தால் ராயப்பன் அண்ணன் இரண்டு பீப் பழக்கத்தைச் சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரியாது. மழையையும் முழங்காலையும் பற்றிப் பேசிவிட்டு வைத்திருக்கவும் கூடும். ஆனால் அன்று காலை மேடையில் ஏறும்போது ஒரு பீப்தான் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை அக்காவும் நானும் என் காரில் பாடாங் மேஹாவுக்குப் போனோம். ராயப்பன் அண்ணன் தோட்ட வீட்டு வாசலில், மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு பெட்டிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருடம் போனில் பேசியிருந்தும் அக்காவை அவர் நேரில் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டார்.

"வா தங்கச்சி. என்னா, போன விட்டுட்டு ஆளே வந்துட்டே?"

அக்கா பழப்பையைக் கீழே வைத்தார். உட்காரக்கூட இல்லை. "அண்ணே, ஒன்னு சொல்லணும். எடை போடற திம்பாங் மிஷின்ல பீப்பு ரெண்டு தடவ வரும்ல? அத நாங்க ஒன்னா ஆக்கிட்டோம். ஒங்களுக்குச் சொல்லாம ஆக்கிட்டோம்."

அவர் அக்காவையே பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"நீங்களா ஆக்குனீங்க?"

"ஆமாண்ணே. எங்க ஆபிஸ்லதான்."

"அப்ப மொதப் பீப்பு... வரவே இல்லியா?"

"வரலண்ணே."

ராயப்பன் அண்ணன் உள்பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏய், இங்க வா! எங்காது நல்லாத்தான் இருக்காம்!"

அவர் மனைவி கரண்டியோடு ஓடி வந்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார். பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "எங்காதுதான் அவுட்டுன்னு நெனச்சேன் தங்கச்சி. மொதப் பீப்ப நான்தான் தவற வுடறேன்னு. கிராணிகிட்ட சொல்லல. வயசு வேற ஆயிருச்சு, சொன்னா வீட்டுக்குப் போன்னுருவானுங்க. இவகிட்டயும் சொல்லல."

"அதானா அந்தக் கடியாரத்தத் தூக்கித் தூக்கிக் காதுல வெச்சுப் பாத்தீங்க?" என்றார் அந்த அம்மா.

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை வந்ததும் உட்கார்ந்து குறிப்பு எழுதினார். இரட்டை ஒலியைத் திரும்பக் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. தானியங்கி அதையும் ஒரு பழுது என்று படித்துக் கடைசி எண்ணைத்தான் ஏற்றுவேன் என்றது. அக்கா முதல் எண்ணை ஏற்றச் சொன்னார்.

"ஒரு பீப்புக்குப் போயி மொத நம்பரா?" என்றார் முதலாளி. "கஸ்டமருங்க பயந்துருவாங்க."

"பயப்படட்டும் பாஸ். ஒத்தப் பீப்புக்குப் பழகிட்டவங்களும் இருப்பாங்கல்ல. பயந்தா போன் அடிப்பாங்க. அடிச்சா நம்ம சொல்லலாம்."

ஹனிபா யாரையும் கேட்கவில்லை. தானியங்கியை நிறுத்திவிட்டு எண்ணைக் கையால் போட்டான். அது எழுதியிருந்த வரியை அழித்துவிட்டு அக்கா எழுதியதை ஓர் எழுத்து மாற்றாமல் அடித்தான். பிறகு அவனே பாடாங் மேஹாவுக்குப் போனைப் போட்டான்.

அக்கா சொன்னதுபோல் அன்று முழுக்க என் போன் ஓயவில்லை. என்ன பெரிய மாற்றம், என்ன உடைந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நான் குறிப்பைப் படித்துக் காட்டினேன்.

'கடந்த சில நாள்களாக எடைமேடையில் ஒலி ஒரு முறைதான் வந்தது. அப்படி மாற்றியவர்கள் நாங்கள். உங்களிடம் சொல்லவில்லை. நாளைக் காலை முதல் முன்போல் இரண்டு முறை ஒலிக்கும். உங்கள் காதில் கோளாறு இல்லை.'

மத்தியானம் சுங்கை லாலாங்கிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். வயதான குரல். பெயர் சொல்லவில்லை, எடைமேடையில் வேலை என்று மட்டும் சொன்னார். படித்து முடித்தபின், கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.